தொப்பியைக் கழற்றிக் கேட்கிற மனுசன்

ஒரு பாட்டுக்காரர் மேடையிலை பாடாமல் நிற்கிற நேரங்களைத்தான் நாங்கள் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்திருக்கிறோம். கேட்க விசர்க்கதை மாதிரித்தான் இருக்கும். ஆனால் லியனார்ட் கோஹனின் லண்டன் கச்சேரிப் பதிவைப் பார்த்தவர்களுக்கு விளங்கும். 73 வயது. கோட், சூட், தலையிலை தொப்பி. பக்கத்திலை இருக்கிற ஸ்பானிய தந்தி வாத்தியக்காரர் தனியாக வாசிக்கத் தொடங்குகிறார். கோஹன் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்து நிற்கிறார். வேறொன்றும் செய்யவில்லை. கேட்கிறார். காசு குடுத்து வந்த சனம் தன்னைப் பார்க்கத்தானே வந்தது என்ற எண்ணம் அந்த முகத்தில் எங்கேயும் இல்லை.

அது 2008 ஜூலை 17, லண்டன் ஓ2 அரங்கு. அந்த இரவின் பதிவு 2009இல் ‘லைவ் இன் லண்டன்’ என்ற பெயரில் இசைத்தட்டாகவும் டிவிடியாகவும் வெளிவந்தது. நாங்கள் அந்த அரங்குக்குப் போனவர்கள் இல்லை என்று சொல்லத் தேவையில்லை. அந்த இரவில் எங்களில் மூத்தவனுக்கே ஐந்து வயதுதான். எங்களில் ஒருத்தியின் குடும்பம் அந்த ஜூலையில் மன்னார்ப் பக்கமிருந்து கிழக்கே கிழக்கே என்று இடம்பெயர்ந்துகொண்டிருந்தது. அந்தக் கச்சேரி எங்களிடம் வந்து சேர்ந்தது பதினைந்து வருசம் கழித்து, கம்பஸ் சீனியர் ஒருவரின் ஹார்ட் டிஸ்க்கில். திருநெல்வேலியில் நாங்கள் இருந்த போர்டிங்கின் முன் அறையில், ஐந்து பேர், ஒரு லப்டொப், ஒரு பக்கம் மட்டும் வேலை செய்கிற ஸ்பீக்கர். இடையிலை கரண்ட் போய், மிச்சத்தை அடுத்த நாள் பார்த்தோம். பிறகு எத்தனை தரம் பார்த்திருப்போம் என்று கணக்கில்லை. எங்களை அவருடைய ‘வெறியர்கள்’ என்று பட்ச்சில் நக்கலடிப்பார்கள். அடிக்கட்டும்.

கோஹனை எங்களுக்கு முதலே தெரியும், ஆனால் தெரியாது. எங்களில் எல்லாருக்கும் ‘ஹல்லேலூயா’ பாட்டுத் தெரியும். ‘ஷ்ரெக்’ படத்திலை கேட்டது, பாட்டுப் போட்டி நிகழ்ச்சிகளிலை ஆரோ ஒரு பிள்ளை அழுது அழுது பாடக் கேட்டது. குருநகரிலிருந்து வருகிற நண்பன் ஒருவன் அதைக் கோயில் பாட்டென்று நினைத்து, சேர்ச் கொயரில் பாடலாமா என்று கேட்டுப் பேச்சு வாங்கியவன். எழுதியவர் ஆரென்று ஒருவருக்கும் தெரியாது. இது எங்கட பிழை மட்டுமில்லை. அந்தப் பாட்டு வந்தது 1984இல், ‘வேரியஸ் பொசிஷன்ஸ்’ என்ற இசைத்தட்டில். அந்த இசைத்தட்டை அமெரிக்காவிலை வெளியிட அவருடைய நிறுவனமே மறுத்துவிட்டது. பிறகு 1991இல் ஜோன் கேல் பாடினார், 1994இல் ஜெஃப் பக்லி பாடினார், அதுக்குப் பிறகு உலகமே பாடிச்சுது. இந்த லண்டன் கச்சேரி நடந்த அதே 2008ஆம் ஆண்டின் நத்தாரிலை, பிரித்தானியப் பாட்டுப் பட்டியலில் முதலாம் இடத்தில் அலெக்ஸாண்ட்ரா பேர்க் பாடிய ‘ஹல்லேலூயா’, இரண்டாம் இடத்தில் பக்லியின் ‘ஹல்லேலூயா’. எழுதினவரின் குரலிலான பதிவும் அதே பட்டியலில்தான் இருந்தது, எங்கேயோ கீழே. பாட்டெழுதுகிறவரின் விதி கொஞ்சம் அப்பிடித்தான் போல.

அவர் பாட்டுக்கு வந்ததும் பிந்தித்தான். 1934இல் மொன்றியலில் பிறந்த ஒரு யூத வீட்டுப் பிள்ளை. முதலில் கவிதை, பிறகு இரண்டு நாவல். முதலாவது இசைத்தட்டு வரேக்கை 33 வயது. தொண்ணூறுகளின் நடுவில் கலிபோர்னியாவின் மலையொன்றிலிருந்த ஸென் பௌத்த மடத்துக்குப் போய் வருசக்கணக்காய் இருந்து, துறவியாகவும் ஆக்கப்பட்டவர். (யூதராக இருந்துகொண்டே. அது ஒரு தனிக் கட்டுரைக்கான விசயம், இங்கே வேண்டாம்.) மலையால் இறங்கி வந்து சில வருசத்தில், தன்னுடைய ஓய்வுகாலச் சேமிப்பெல்லாம் போய்விட்டதைக் கண்டுபிடிக்கிறார். நீண்டகாலம் அவருடைய வரவுசெலவைப் பார்த்துவந்த முகாமையாளருக்கு எதிராக வழக்குப் போட்டு, 2006இல் நீதிமன்றம் 9 மில்லியன் டொலர் வரையில் அவருக்குக் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பளித்தது. காசு திரும்பி வரவில்லை. ஆகவே 73 வயதில், பதினைந்து வருசமாய் ஏறாத மேடைக்குத் திரும்ப ஏறினார். 2008 மே 11, கனடாவின் பிரெடெரிக்டன் என்ற சின்ன நகரத்தில் ஒரு சின்னத் தியேட்டரில் தொடங்கிய பயணம் அது. இரண்டு மாதத்தில் லண்டனில் ஓ2 அரங்கு.

ஏன் இதைச் சொல்கிறோமென்றால், ‘இசைக்காக, ரசிகர்களின் அன்புக்காகத் திரும்பி வந்தார்’ என்ற கதையை நாங்கள் நம்பேல்லை. வேலைக்குத் திரும்பி வந்தார். வயசுபோன நேரத்திலை காசில்லாமல் திரும்பக் கடையைத் திறந்த மனுசன். எங்கட ஊரிலை இப்பிடி எத்தனை பேர் இருக்கினம். பென்சன் எடுத்த பிறகு பிள்ளையின்ரை கடனுக்காக ரியூசன் குடுக்கிற வாத்திமார், எழுபது வயதில் திரும்ப மேசன் வேலைக்குப் போகிற அப்பாமார். அந்தக் கச்சேரி எங்களைப் பிடித்ததுக்கு இது ஒரு காரணம். அதிலை ஒரு வேலைக்காரனின் ஒழுங்கு இருக்கிறது.

இனிக் குரலைப் பற்றி உண்மையைச் சொல்ல வேணும். சங்கீதம் படித்த ஒரு தோழியிடம் முதல் இரண்டு பாட்டைப் போட்டுக் காட்டினோம். “இவர் எங்கையடா பாடுறார்? கதைக்கிறார்” என்றாள். அவள் சொன்னது சரிதான். 73 வயதுக் கோஹனின் குரல் கிணற்றுக்குள்ளையிருந்து வருகிற மாதிரி. மேலே போகாது, அதிகம் வளையாது. சுதி பிசகேல்லை, ஆனால் நாலைந்து சுரத்துக்குள்ளையே சுத்தி வரும். இந்தக் குரலை வைத்துக்கொண்டு ஏறத்தாழ 20,000 பேர் கொள்ளும் அரங்கில் இரண்டரை மணித்தியாலம் என்ன செய்யிறது?

அவர் செய்ததைத்தான் நாங்கள் இவ்வளவு நாளாய்ப் படித்துக்கொண்டிருக்கிறோம். தன்னாலை ஏலாததை மறைக்கவில்லை. சத்தத்தைக் கூட்டி, லைட்டைப் போட்டு, புகையை விட்டுக் குரலை மூடவில்லை. மற்றாக்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஷரன் ரொபின்சன், வெப் சகோதரிகள் இருவர், மூன்று பெண்குரல்கள். மெட்டின் பாரத்தை அவையள் தூக்குகினம். அவர் கீழே நின்று சொல்லைத் தூக்குகிறார். எங்கட கூத்திலை பிற்பாட்டுக்காரர் செய்கிற வேலையை நினைத்துப் பாருங்கோ. ஆடிக் களைத்த கூத்தன் விடுகிற இடத்திலை சபையோர் எடுத்துக் கொண்டுபோவினம். அங்கே பிற்பாட்டு இல்லாட்டில் கூத்து இல்லை. இங்கேயும் அதுதான். வாத்தியங்களும் அப்பிடித்தான். ஒன்றும் கத்தேல்லை. பேஸ் கிற்றார் வாசிக்கிற ரொஸ்கோ பெக்தான் இசைக்குழுவை வழிநடத்துகிறவர். அந்தப் பெரிய அரங்கைப் பக்கத்து அறை அளவுக்குச் சுருக்கி வைத்திருக்கிறார்கள்.

ஆகவே அந்தத் தொப்பி கழற்றல் வெறும் பண்பு மட்டும் இல்லை என்பது எங்கட எண்ணம். அந்த மனுசனுக்கு அவர்கள் தேவை. ஆர் வாசித்தால் தன்னுடைய பாட்டு நிற்கும் என்று அவருக்குத் தெரியும். அந்தத் தெரிதலின் உடல்மொழிதான் அது.

சில இடங்களைச் சொல்லியே ஆக வேணும்.

‘டவர் ஒஃப் சோங்’ பாட்டிலை அவரே ஒரு சின்னக் கீபோர்ட் முன்னுக்கு நிற்பார். பெட்டிக்குள்ளையிருந்து வருகிற தாளம். நடுவிலை தன்ரை பங்குக்கு ஒரு தனி வாசிப்பு, ஒற்றை விரலாலை, முதலாம் வகுப்புப் பிள்ளை மாதிரி. சனம் கைதட்டிச் சிரிக்கும். அவரும் பெரிய வித்துவான் மாதிரிப் பாவனை பண்ணி நன்றி சொல்லுவார். உலகத்தின் நல்ல வாத்தியக்காரர் ஒன்பது பேரைப் பின்னாலை வைத்துக்கொண்டு தன்னைத்தானே நக்கலடிக்கிற இந்த இடம் எங்களுக்குச் சரியான விருப்பம். இன்னோர் இடத்தில், தான் கடைசியாய் லண்டன் மேடையில் நின்றபோது தனக்கு அறுபது வயதென்றும், அப்போது தான் கிறுக்குக் கனவோடு திரிந்த சின்னப் பெடியன் என்றும் சொல்லுவார். பிறகு அன்றிலிருந்து தான் எடுத்த மனச்சோர்வு மருந்துகளின் பெயர்களை ஒன்றொன்றாய் ஒப்புவிப்பார். அரங்கு முழுக்கச் சிரிக்கும். முதல்தரம் நாங்களும் சிரித்தோம். இரண்டாம் தரம் பார்க்கேக்கை எங்களில் ஒருவன் சிரிக்கேல்லை. அவனும் அப்படி ஒரு குளிசை எடுக்கிறவன் என்று அண்டைக்குத்தான் எங்களுக்குச் சொன்னான். ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு ஒளித்து ஒளித்துப் போய்வந்தவன், ஒரு கிழவன் இருபதாயிரம் பேருக்கு முன்னாலை அதைப் பகிடியாய்ச் சொன்னதைக் கேட்டபிறகு எங்கள் நாலு பேருக்குச் சொன்னான். இதைவிட ஒரு பாட்டுக்காரரிடம் நாங்கள் என்னத்தைக் கேட்கிறது?

‘இஃப் இற் பீ யுவர் வில்’ இன்னொன்று. அது ஒரு பிரார்த்தனை. தன்னைப் பேசாமல் இருக்கச் சொன்னால் பேசாமல் இருப்பேன் என்று இறைவனிடம் சொல்லுகிற பாட்டு. அதை எழுதினவர் மேடையில் அதைப் பாடவில்லை. தொடக்க வரிகளை மட்டும் கதைக்கிற குரலில் சொல்லிவிட்டு ஒதுங்குகிறார். வெப் சகோதரிகள், ஒருத்தி ஹார்ப்பிலும் மற்றவள் கிற்றாரிலும், முழுப்பாட்டையும் பாடுகினம். அவர் ஓரமாய் நிற்கிறார், தொப்பி கையில். பேசாமல் இருப்பதைப் பற்றின பாட்டிலை அவர் உண்மையாகவே பேசாமல் நிற்கிறார். முதல்தரம் எங்களுக்கு இது ஓடேல்லை. ஏன் கிழவன் பாடேல்லை என்று ஏமாற்றமாய்த்தான் இருந்தது.

இசைக்குழுவை அறிமுகப்படுத்துவதையும் கவனியுங்கோ. கடைசியில் அவசர அவசரமாகப் பெயரை வாசித்துவிட்டுப் போகிறதில்லை. ஒருக்கால் அல்ல, திரும்பத் திரும்ப. பாட்டுக்கு நடுவிலேயே தனி வாசிப்பு முடிந்தவுடன் பெயர் சொல்லி, அவர் பக்கம் திரும்பிக் குனிகிறார். ஸ்பெயினின் சரகோசாவிலிருந்து வந்த ஹாவியர் மாஸ், ஹமண்ட் ஓர்கன் வாசிக்கிற நீல் லார்சன், ஊதுவாத்தியக்காரர் டினோ சோல்டோ, கிற்றார்காரர் பொப் மெற்ஸ்கர், ட்ரம்ஸ் ரஃபாயல் கயோல். பாருங்கோ, இந்தப் பெயர்கள் எங்களுக்குப் பாடமாகிவிட்டது. யாழ்ப்பாணத்தில் இருக்கிற ஐந்து கம்பஸ் பெடியள் பெட்டைகளுக்கு ஒரு கனடாக்காரரின் ட்ரம்ஸ்காரருடைய பெயர் தெரியும். அவர் அத்தனை தரம் சொன்னபடியால்தான்.

இந்த இடத்தில் எங்கட மேடைக்கு வர வேண்டியிருக்கு.

எங்களில் ஒருவனின் மாமா முப்பது வருசத்துக்கு மேலாய் இசைக்குழுக்களில் ட்ரம்ஸ் வாசிக்கிறவர். இப்ப ஒக்டபாட். வைகாசி தொடங்கி ஆவணி முடியும்வரை கோயில் திருவிழா, மிச்ச நாளிலை கலியாண வீடு, கழக விழா. பகலில் அவருக்கு மோட்டார்சைக்கிள் திருத்துகிற வேலை. இடப்பெயர்வுகளிலும் அந்த மனுசன் தடியை விட்டதில்லை என்று மாமி சொல்லுவா. நாங்கள் போன ஆவணியில் அவர் வாசித்த ஒரு திருவிழாக் கச்சேரிக்குப் போனோம். இரவு பத்துக்குத் தொடங்கி விடிய இரண்டுக்கு முடிந்தது. அறிவிப்பாளர் அனுசரணை செய்த கடைகளின் பெயர்களைச் சொன்னார், தொலைபேசி இலக்கத்தோடு. கனடாவிலும் சுவிஸிலுமிருந்து காசு அனுப்பினவர்களின் பெயர்களைச் சொன்னார். பாடகர்களின் பெயர்களைப் பட்டத்தோடு சொன்னார். ஒலி, ஒளி அமைத்த ஆட்களின் பெயரைக்கூட ஒருக்கால் சொன்னார். பின்னாலை வாசித்த ஏழு பேருக்கும் சேர்த்து, “பக்கவாத்தியக் கலைஞர்கள்” என்ற ஒற்றைச் சொல். பாட்டெழுதின ஆட்களின் பெயரா? அது அந்த மேடையிலை ஒருத்தருக்கும் நினைவே வரேல்லை.

இது அந்த அறிவிப்பாளரின் குற்றம் என்று நாங்கள் சொல்ல வரேல்லை. நாங்களும் அங்கே மாமாவைத் தவிர மற்ற ஆறு பேரின் பெயரை ஆரிடமும் கேட்கவில்லை. தவில், நாதஸ்வரத்துக்குப் பெயர் பெற்ற மண் இது. அளவெட்டித் தெட்சணாமூர்த்தியின் பெயரைச் சொன்னால் இன்றைக்கும் எங்கட தாத்தாமார் கதிரையிலை நிமிர்ந்து இருப்பினம். வாசிக்கிறவனுக்குப் பேர் இருந்த ஊர். அந்தக் காது எங்கே போய்ச்சுது என்றுதான் கேட்கிறோம். இப்ப இந்தியாவிலிருந்து பாடகர்கள் வருகிற பெரிய நிகழ்ச்சிகளில் இன்னும் மோசம். ஐயாயிரம் ரூபா ரிக்கற், அதுக்கு மேலே வேறு வகுப்புகள். மேடையிலை அரைவாசிக்கு மேலே ட்ரக் ஓடுகிறது. பின்னுக்கு நிற்கிறவர்கள் உண்மையிலை வாசிக்கினமா, கையை அசைக்கினமா என்று தெரியாது. நாங்களும் அதைக் கவனிக்கிறேல்லை. போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுக்கிறோம்.

எங்கட சிநேகிதர் வட்டத்தில் இதுக்கு ஒரு மறுப்பும் இருக்கிறது, நேர்மையாய்ச் சொல்லிவிடுகிறோம். “அந்தாள் நடிக்குது. ஒவ்வொரு இரவும் அதே இடத்திலை முழந்தாளிடுது, அதே இடத்திலை தொப்பி கழட்டுது. மற்ற ஊர் வீடியோக்களையும் பாருங்கோ” என்று ஒருவன் சொன்னான். பார்த்தோம். அவன் சொன்னது சரி. பகிடிகள்கூட அதேதான். கொஞ்ச நாள் எங்களுக்கு இது ஒரு மாதிரித்தான் இருந்தது. பிறகு யோசித்தால், நல்லூரில் நாளுக்கு ஆறு காலப் பூசை, அதே மணி, அதே தீபம். ஐயர் அதே இடத்திலைதான் குனிவார். அதைப் பொய் என்று ஆரும் சொல்லுறேல்லை. ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்கிறதாலை அது பொய்யாகாது. அந்தந்த நாளில் அதைச் செய்கிற நேரம் மனம் அங்கை இருந்ததா என்பதுதான் கேள்வி. அதை முகத்திலைதான் பார்க்க வேணும். நாங்கள் பார்த்த அளவிலை இருந்தது. அவன் இன்னும் ஒப்புக்கொள்ளேல்லை.

ஆனால் இன்னொரு மறுப்பை இப்பிடி லேசாய்த் தள்ளிவிட முடியேல்லை. அதுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

தொடக்கத்தில் சொன்ன, ஹாவியர் மாஸ் நீளமாய் வாசிக்க கோஹன் தொப்பியோடு கேட்டு நிற்கிற இடம் இருக்கிறதே, அது ‘ஹூ பை ஃபயர்’ பாட்டின் முகப்பு. ஆர் எந்த விதமாய்ச் சாகப்போகினம் என்று கேட்கிற பாட்டு. யூதர்களின் யோம் கிப்பூர் நாளில் ஓதுகிற பழைய வேண்டுதல் ஒன்றிலிருந்து எடுத்து எழுதியது. 1974 இசைத்தட்டில் வந்தது. அதுக்கு முதல் வருசம், 1973 ஒக்டோபர் யுத்தத்தில், கோஹன் தானாகவே இஸ்ரேலுக்குப் போய் சினாய்ப் பாலைவனத்தில் இஸ்ரேலியச் சிப்பாய்களுக்குப் பாடியவர். இதை வாசித்து அறிந்த அன்று எங்களில் ஒருத்தி, அந்த 2008 ஜூலையில் இடம்பெயர்ந்துகொண்டிருந்த குடும்பத்துப் பிள்ளை, அந்தப் பாட்டு வருகிற நேரம் எழும்பி வெளியிலை போகத் தொடங்கினாள். சண்டை பிடிக்கேல்லை. பாட்டு முடிய உள்ளே வருவாள்.

பிறகு 2009. லண்டனுக்கு அடுத்த வருசம் அதே பயணம் இஸ்ரேலுக்குப் போனது. செப்டெம்பர் 24, தெல் அவீவுக்குப் பக்கத்திலுள்ள ரமத் கான் மைதானம். அந்த வருசத் தொடக்கத்தில்தான் காசாவில் பெரிய தாக்குதல் நடந்து முடிந்திருந்தது. போகவேண்டாம் என்று பலஸ்தீனர்களும் அவர்களை ஆதரித்தவர்களும் அவரைக் கேட்டார்கள். அவர் ரமல்லாவிலும் ஒரு கச்சேரி செய்ய முன்வந்தார். ஒன்றுக்கொன்று சமப்படுத்துகிற கணக்கு எங்களுக்கு வேண்டாம் என்று அங்கே மறுத்துவிட்டார்கள். ரமத் கான் வருமானத்தை இரண்டு பக்கத்திலும் சமாதானத்துக்கு வேலை செய்கிற அமைப்புகளுக்குக் கொடுப்பதாய் அறிவித்தார். மேடையில் பிள்ளைகளைப் பறிகொடுத்த இரண்டு பக்கத்துப் பெற்றோரின் அமைப்பைப் பற்றிப் பேசினார். கடைசியில் எபிரேய மொழியில் ஆசி சொல்லி முடித்தார்.

இதை வாசிக்கேக்கை எங்களுக்கு ஒரு திகதி மனதிலை ஓடும். 2009 செப்டெம்பர் என்றால் முள்ளிவாய்க்காலுக்கு நாலு மாதம். முள்வேலி முகாம்களில் லட்சக்கணக்கில் சனம். அடுத்த வருசம் 2010 ஜூனில் கொழும்பில் இந்தியத் திரைப்பட விருது விழா வைத்தபோது, தென்னிந்தியத் திரையுலகம் அதைப் புறக்கணித்தது. எங்கட வீடுகளிலை அதை எப்பிடிக் கதைத்தவை? வராத நடிகர்கள் நல்லவர், வந்தவர்கள் துரோகி. எங்களுக்கு அப்ப ஏழு வயது. அந்தக் கதை மட்டும் நினைவிருக்கிறது. அண்டைக்குக் கொழும்பு மேடையில் ஒரு பாட்டுக்காரர் ஏறி, வருமானம் இரண்டு பக்கத்துத் தாய்மாருக்கும் என்று சொல்லியிருந்தால் எங்கட அம்மாமார் ஏற்றிருப்பினமா? நாங்கள் அவையளைக் கேட்டோம். ஒருவரும் ஓம் சொல்லேல்லை. ஒரு அம்மா மட்டும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “எங்களை ஆரும் கேட்டிருந்தால் யோசிச்சிருப்பம்” என்றா.

அவ சொன்னதில்தான் எங்கட நிலைப்பாடும் நிற்கிறது. கோஹன் கெட்ட மனுசன் என்று நாங்கள் சொல்லேல்லை. காசையும் குடுத்தார், நல்ல சொல்லும் சொன்னார். ஆனால் ‘வராதே’ என்று ஒரு பக்கத்துச் சனம் கேட்டுக்கொண்டிருக்கிற நேரம், அதுக்குக் காது குடுக்காமல் குடுக்கிற காசும் சொல்லும் வேறு. ரமல்லாவில் வேண்டாம் என்றபோது, அந்த வேண்டாமுக்கு முன்னாலை அவர் தொப்பியைக் கழற்றியிருக்கலாம். மேடையிலை தன்ரை வாத்தியக்காரரை எவ்வளவு பொறுமையாகக் கேட்கத் தெரிந்த மனுசன்! அந்தக் காதை அண்டைக்கு ரமல்லாப் பக்கம் திருப்பேல்லை என்பதுதான் எங்கட குறை. வேறு ஆராவது பாட்டுக்காரர் என்றால் இந்தக் குறை எங்களுக்கு வந்திருக்காது. இவரிலைதான் வருகிறது. இவர் எங்களுக்குக் கேட்கிறதைக் காட்டித் தந்தவர்.

ரசிகர் என்றால் எல்லாத்துக்கும் வக்காலத்து வாங்க வேணும் என்ற பழக்கம் எங்கட தலைமுறையிலும் போகேல்லை. கட்டவுட்டுக்குப் பால் ஊற்றுகிறதை நக்கலடிக்கிற நாங்களே, எங்கட ‘தரமான’ கலைஞரைப் பற்றி ஒரு குறை சொன்னால் பேஸ்புக்கில் பத்துப் பேராய்ச் சேர்ந்து அடிக்கிறோம். பால் மட்டுந்தான் இல்லை. அதே நேரம், இப்ப புதிதாய் வந்திருக்கிற மற்றப் பழக்கமும் எங்களுக்கு ஒத்துவரேல்லை. ஒரு பிழையைக் கண்டவுடன் அந்த ஆளின் பாட்டெல்லாத்தையும் அழித்துவிட்டு, தாங்கள் ஒருநாளும் அதைக் கேட்டதே இல்லை என்கிற மாதிரி நடக்கிறது. அந்தக் குளிசைப் பகிடியாலை வாய்திறந்த எங்கட நண்பனுக்கு நாங்கள் என்ன சொல்லுறது? அந்தப் பாட்டுகள் எங்களுக்குச் செய்ததைச் செய்யேல்லை என்று சொல்ல ஏலாது.

ஆகவே எங்கட அறையில் இப்ப ஒரு ஏற்பாடு இருக்கிறது. ஆரும் பேசி வைத்த ஏற்பாடு இல்லை. ‘ஹூ பை ஃபயர்’ வருகிற நேரம் அவள் எழும்புவாள். முதலெல்லாம் நாங்கள் பார்த்துக்கொண்டே இருப்போம். பிறகு ஒருநாள் ஒருவன் அந்த இடத்தில் நிறுத்தினான். அவள் கதவடியில் நின்று, “போடுங்கோ, நீங்கள் பாருங்கோ, நான் தேத்தண்ணி போடுறன்” என்றாள். போட்டோம். ஹாவியர் மாஸின் வாசிப்பு குசினிவரைக்கும் கேட்டிருக்கும். அவள் தேத்தண்ணியோடை வந்தபோது, அந்த வாத்தியத்துக்குப் பெயர் என்ன என்று கேட்டாள். ஒருவருக்கும் சரியாய்த் தெரியேல்லை. பண்டூரியா, லவூத் என்று இரண்டு மூன்று வகை வாசிக்கிறார், அதிலை இது எதுவென்று தேடிக்கொண்டிருந்தோம். பாட்டைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லேல்லை. நாங்களும் கேட்கேல்லை.

கோஹன் 2016 நவம்பர் 7ஆம் திகதி காலமானார். கடைசி இசைத்தட்டு வெளிவந்து மூன்று கிழமைகூட ஆகேல்லை. மேடைப்பயணம் 2013 டிசம்பரில் நியூசிலாந்தின் ஒக்லன்டில் முடிந்திருந்தது. நாங்கள் அவரைக் கண்டுபிடித்தபோது அவர் இல்லை. அதனால் ‘இனி எப்ப வருவார்’ என்ற கேள்வியும் இல்லை.

இந்தக் கட்டுரையை எழுத வெளிக்கிட்டபோது, மாமாவின் இசைக்குழுவின் ஏழு பேரின் பெயரையும் இங்கே போடலாமென்று யோசித்தோம். போன ஞாயிறு கராஜ்க்குப் போய்க் கேட்டோம். கையெல்லாம் ஒயில். ஏன் இவங்கள் இதைக் கேட்கிறாங்கள் என்று ஒரு மாதிரிப் பார்த்தார். பெயரெல்லாம் பேப்பரிலை போடவேண்டாம், ஒருத்தர் அரசாங்க வேலை, இன்னொருத்தருக்கு வீட்டிலை பிரச்சினை வரும் என்றார். பரவாயில்லை, எங்களுக்காகச் சொல்லுங்கோ என்றோம். விரல் மடித்து எண்ணத் தொடங்கினார். தபேலா, பேஸ் கிற்றார், லீட் கிற்றார், புல்லாங்குழல், ட்ரம்பெற். கீபோர்ட் வாசிக்கிற தம்பியிடம் வந்து நின்றுவிட்டார். பதினொரு வருசமாய் ஒன்றாய் வாசிக்கினமாம். எல்லாரும் அவனை ஒரு பட்டப்பெயராலைதான் கூப்பிடுகிறவையாம். சொந்தப்பெயர் மாமாவுக்கும் தெரியேல்லை. ஒயில் துணியாலை கையைத் துடைத்துவிட்டு, போனை எடுத்து அவனுக்கு அடித்தார்.